உங்கம்மா அவர்கிட்ட மட்டும் சொன்னது

கர்த்தர் தயவுல நீ வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நாலு பேரோட வம்பும் வளத்துக்கிட்டு நல்லபடியா இருப்பேங்கிற நம்பிக்கையில, என் அன்பு மகள் வாயாடிக்கு அப்பா எழுதிக்கிறது. இங்க நான் நலம். உங்கம்மாவும் நலம்னு அடுத்த வரி எழுதறதுதான் முறை. ஆனா உங்கம்மா நலமா இல்லையாங்கிறது ஆண்டவருக்குத்தான் தெரியும். பேச்சுக்குச் சொல்றேன்னு நினைக்காத. நிஜமாவே அவருக்கு மட்டும்தான் தெரிஞ்சிருந்துச்சு, கட்டின புருஷன் எனக்குத் தெரியல. அந்த வயித்தெரிச்சலைக் கொட்டத்தான் இந்த லெட்டர். போன்ல சொல்லலாமேன்னு கேப்பே. போன் யார் கையில இருக்குன்னு உனக்குத் தெரியாதா. அம்மாவும் மகளும் என்னை விட்டுட்டு எல்லாத்தையும் பேசி முடிச்சிட்டு, போனாப் போகுதுன்னு கடைசியில என் மூஞ்சிக்கு நேரா ஒரு தடவை காட்டுவா, நான் என்னடி ஊருக்கெல்லாம் பல்லு செய்யறவளே, நீ பல்லு விளக்கினியான்னு கேப்பேன், நீ சிரிப்பே, அதோட கட்டாயிடும். இதுதான் எனக்குக் கிடைக்கிற பங்கு. எழுத்துல தப்பு இருந்தா சிரிக்காத. வாத்தியாருக்குப் பட்டப்பேர் வெச்சதுல அஞ்சாவதோட வெளிய வந்தவன் நான். நீ படிச்சவ, சரி பண்ணிப் படிச்சுக்கோ.

வேலை நல்லாத்தான் போயிக்கிட்டிருக்கு. முன் ரூம் பூரா நாற்காலி. ஒரு வக்கீல் அவர் ஆபீஸ் நாற்காலிங்களை எல்லாம் அனுப்பி வெச்சிருக்காரு, உக்காந்து உக்காந்து உள்ள இருக்கிற ஃபோமெல்லாம் தகடாப் போயிடுச்சு. ஒரு உறையைக் கிழிச்சா உள்ள சீப்பு, பேனா மூடி, அதோட ஒரு பல்லு செட்டு. உன் கம்பெனி சரக்கான்னு திருப்பித் திருப்பிப் பாத்தேன், அடையாளம் ஒண்ணும் இல்ல. சரி, கதைக்கு வரேன். பட்டறைக்கும் அம்மா படுக்கிற ரூமுக்கும் நடுவுல நான் ஒரு பிளைவுட் தடுப்பு அடிச்சேன் பாரு, அந்தத் தடுப்புதான் இவ்வளவுக்கும் காரணம். காலையில சமையல், பாத்திரம் எல்லாம் முடிச்சிட்டு உங்கம்மா அங்க போயிக் கதவைச் சாத்திக்கிட்டு, தடுப்புல தலையைச் சாச்சு உக்காந்து ஜெபம் பண்ணுவா. கல்யாணம் ஆன நாள்லேருந்து இருக்கிற பழக்கம் இது. எறும்பு பேசற அளவுகூட வெளிய கேக்காது. நான் இந்தப் பக்கம் சுத்தியலை ஓங்கி அடிச்சுக்கிட்டு என் பாட்டுக்கு இருப்பேன். போன மழைக்கு முந்தி ஒரு நாள், சுத்தியலை வெச்சிட்டு ஆணி டப்பாவைத் தேடிக்கிட்டிருக்கேன், தடுப்புக்கு அந்தப் பக்கத்துலேருந்து அப்பா, இவருக்கு இன்னும் வயிறு சரியாப் போக மாட்டேங்குதுன்னு ஒரு குரல். ரேடியோவுல செய்தி வாசிக்கிற மாதிரி அவ்வளவு தெளிவு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. யாருடா அந்த அப்பா, உங்க தாத்தா போய்ச் சேர்ந்து எத்தனை காலம் ஆச்சு, அவருக்கெதுக்கு என் வயித்து விஷயம்னு முழிச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது, இவ ஜெபத்துல இருக்கா. ரகசியமாப் பேசறதா நினைச்சுக்கிட்டு ஊருக்கே அறிவிச்சுக்கிட்டிருக்கா. வயசாக ஆக விசுவாசம் பெருகும்னு நம்ம பாஸ்டர் சொல்வாரே, அது சத்தத்துலதான் பெருகும்போலன்னு நினைச்சுச் சிரிச்சுக்கிட்டேன்.

சிரிப்பு அன்னிக்கு மட்டும்தான். மறுநாள்லேருந்து அவ கதவைச் சாத்தின உடனே நான் சுத்தியலைக் கீழ வெச்சிடுவேன். எதுக்குன்னு உனக்கே தெரியும். தடுப்பு அதிர்றது நின்னதைப் பாத்திட்டு, மனுஷன் ஜெப நேரத்துக்கு மரியாதை குடுக்கறாரு, திருந்திட்டாருன்னு உங்கம்மா சபையில எழுந்து சாட்சியே சொல்லிட்டா. பாஸ்டர் வந்து என் கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு. நான் தலையைத் தொங்கப்போட்டுக்கிட்டு நின்னேன், அதையும் தாழ்மைன்னு எடுத்துக்கிட்டாரு. ஆனா வாயாடி, ஒட்டுக் கேக்க உக்காந்தவனுக்குக் கிடைச்ச தண்டனையைக் கேளு. எங்கிட்ட உங்கம்மா ஒரு நாளைக்குப் பேசறது என்ன? டீ ஆறுது. குழாயை இறுக்கி மூடுங்க. செருப்பை உள்ள கொண்டாராதீங்க. அவ்வளவுதான். அவர்கிட்ட என்னல்லாம் சொல்றா தெரியுமா. படி இறங்கறப்ப முட்டி மடங்கி விழுந்துடுவோமோன்னு பயமா இருக்காம். மில்லுல கூட வேலை பாத்த சிநேகிதி செத்தது இன்னும் நெஞ்சை அடைக்குதாம். நான் கண்ணாடி போடாம ஆணி அடிக்கிறேனாம், கண்ணு போயிடப் போகுதாம். ஒரு நாள் ஒண்ணுமே கேக்காம, இன்னிக்கு மனசு நல்லா இருக்குப்பா, உமக்குத் தெரியும்னு மட்டும் சொல்லிட்டு எழுந்து போயிட்டா. அது எனக்கு ரொம்ப எரிஞ்சுது. மனசு நல்லா இருக்குன்னா அதை எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? பக்கத்து வீட்டுக்காரன் மேல பொறாமைன்னா போயிச் சட்டையைப் பிடிக்கலாம். இவர் மேல பொறாமைப்பட்டா யாருகிட்ட போயிப் பிராது குடுக்கறது? பாஸ்டர்கிட்ட போகலாம்னா அவர் அந்தக் கட்சி.

உன் விஷயமும் அங்கதான் என் காதுல விழுந்துச்சு. பல்லு வேலைக்கு நீ எழுதற பரீட்சை ரெண்டாந்தடவையும் கைவிட்டுடுச்சாமே. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா, கிண்டல் பண்ணியே என்னைக் கொன்னுடுவாருன்னு அழுதியாமே. அதை அப்படியே அவர்கிட்ட ஒப்பிச்சிட்டு, பிள்ளையை நீர்தான் தேத்தணும்னு உங்கம்மாவும் அழறா. நான் இந்தப் பக்கம் வாயில ஆணியைக் கவ்விக்கிட்டு நிக்கறேன். வக்கீல்லேருந்து பால் ஊத்தறவரு வரைக்கும் என் மகள் பாஸாயிட்டா, இனிமே பல் டாக்டருங்களே அவகிட்டதான் வந்து நிக்கணும்னு பெருமை அடிச்சு முடிச்சிருந்தேன். எனக்கு எப்படி இருந்திருக்கும் யோசிச்சுப் பாரு. பெத்தவன் நான், தேத்தறதுக்குக் கூப்பிடறது அவரை. கட்டினவன் நான், சொல்றதெல்லாம் அவர்கிட்ட. இந்த வீட்டுல எனக்கு என்ன வேலை, நாற்காலிக்கு உறை போடறதா?

இந்தக் கடுப்புல இருக்கறப்பத்தான் ஒரு நாள் அதையும் கேட்டேன். இடது காது முழுசாப் போயிடுச்சுப்பா, வலதுலயும் எல்லாரும் எங்கேயோ கிணத்துக்குள்ளேருந்து பேசற மாதிரி இருக்குன்னு சொன்னா. நிதானமாத்தான் சொன்னா, அழக்கூட இல்ல. இவருக்குத் தெரிஞ்சா ஒரு நாள் சிரிச்சிட்டு விட மாட்டாரு, தினமும் சிரிப்பாரு, வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லிச் சிரிப்பாரு, அதைத் தாங்க எனக்குத் தெம்பில்ல, அவர் உதட்டைப் பாத்துத்தான் காலத்தை ஓட்டறேன், அந்த மீசைதான் மறைக்குது, எடுக்கச் சொன்னாலும் கேக்க மாட்டேங்கறாருன்னு சொன்னா. உங்கம்மா நூல் மில்லுல வேலை பாத்தவங்கிறது உனக்குத் தெரியும். அந்த இரைச்சல்ல காதுக்குள்ள வாயை விட்டுக் கத்தினாலும் கேக்காது, அதனால அங்க இருந்த பொம்பளைங்க எல்லாம் உதட்டைப் பாத்தே ஒரு ஷிப்டு பூரா ஊர்க்கதை பேசுவாங்க. அந்த வித்தையை வெச்சுத்தான் இவ என்னை இத்தனை நாள் ஏமாத்தியிருக்கா. போன்ல உன்னை வெளிச்சத்துக்குத் திரும்பு, வெளிச்சத்துக்குத் திரும்புன்னு திட்டறது உன் அழகைப் பாக்கன்னு நினைச்சியா? என்னை மீசையை எடுங்கன்னு நச்சரிச்சப்ப, இந்த வயசுல நம்மளை அழகு பாக்கறாளேன்னு நான் உள்ளுக்குள்ள குளுந்து போயிருந்தேன். குரல் பெருசானதுக்கும் அதுதான் காரணம். தன் சத்தம் தனக்கே கேக்காதவளுக்கு எது ரகசியம், எது கூப்பாடுன்னு எப்படித் தெரியும்.

அந்த வாரமே மாடி வீட்டு டீச்சரம்மா படிக்கட்டுல என்னை நிறுத்தி, வயிறு இப்ப எப்படி இருக்கு, பப்பாளி சாப்பிட்டுப் பாருங்களேன்னு அக்கறையா விசாரிச்சாங்க. அப்பத்தான் எனக்கு உறைச்சுது, நான் மட்டும் கேக்கல, மாடி வரைக்கும் போகுது. என் வயிறு ஊர் சிரிச்சாப் பரவால்ல. ஆனா தன் நெஞ்சுக்குள்ள இருக்கிறது இப்படித் தெருவுல கிடக்குதுன்னு அவளுக்கு வேற யார் மூலமாவது தெரிஞ்சா உயிரை விட்டுடுவா. நான்தான் சொல்லணும். சொன்னா என்ன ஆகும்? வாயை மூடிக்குவா. டீ ஆறுது, குழாயை மூடுங்கன்னு நான் பழைய இடத்துக்கே போயிடுவேன். வாயாடி, மறைக்காம எழுதறேன், அதுக்காகவே நான் சொல்லாம நாலஞ்சு நாள் தள்ளிப்போட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்டுக்கறேனேன்னு ஒரு நப்பாசை. பசிக்காரன் அடுத்த வீட்டு அடுக்களை ஜன்னலுக்குக் கீழ நிக்கிற மாதிரி நின்னேன்.

கடைசியில ஒரு நாள் சலூனுக்குப் போயி மீசையை எடுக்கச் சொன்னேன். சலூன்காரர் கத்தியைக் கையில வெச்சிக்கிட்டு, நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களான்னு ரெண்டு தடவை கேட்டாரு. எடுத்து முடிச்சுக் கண்ணாடியில பாத்தா உறையைக் கழட்டிப் போட்ட நாற்காலி மாதிரி இருந்தேன். வீட்டுக்கு வந்தேன். உங்கம்மா தம்ளர் துடைச்சுக்கிட்டிருந்தா. என் மூஞ்சியைப் பாத்தா, தம்ளரைக் கீழ வெச்சா. நான் ஜன்னல் வெளிச்சத்துல போயி நின்னு, நிதானமா, உன் காது விஷயம் எனக்குத் தெரியும்னு சொன்னேன். என் உதட்டையே பாத்துக்கிட்டு இருந்தவ, யாரு சொன்னான்னு கேட்டா. டாக்டர் சொன்னாரு, நானே கண்டுபிடிச்சேன்னு எதையாவது அளந்து விட்டிருக்கலாம், எனக்கா பொய்க்குப் பஞ்சம். ஆனா அவ பாக்கற பார்வையில வாய் வரல. நீதான் சொன்னே, நீ ஜெபம் பண்றது தடுப்பு தாண்டிக் கேக்குது, மாடி வரைக்கும் போகுதுன்னேன். எத்தனை நாளான்னு கேட்டா. மழைக்கு முந்திலேருந்துன்னேன். துணியை மடிச்சு வெச்சா, உள்ள போனா, கதவைச் சாத்திக்கிட்டா. ஒரு சத்தம் இல்ல. மறுநாள் அதே நேரத்துக்குப் போயி உக்காந்தா, ஒரு சத்தம் இல்ல. அதுக்கு மறுநாளும் அப்படித்தான். உதட்டைக்கூட அசைக்கலைன்னு பின்னால சொன்னா, எங்க எது வெளிய போகுமோன்னு மனசுக்குள்ளகூடப் பேசப் பயமா இருந்துச்சாம். பாத்துக்கோ, என் பொறாமை ஆசைப்பட்டது நடந்துபோச்சு. இப்ப அவருக்கும் ஒண்ணும் கிடைக்கல, எனக்கும் ஒண்ணும் கிடைக்கல, ரெண்டு பேரும் சமம். ஜெயிச்ச சந்தோஷம் வரணுமே, வரல. வீடு செத்துக் கிடந்துச்சு. அவளுக்கு இருந்த ஒரே இடத்தை நான் பிடுங்கிக்கிட்டேன்.

அதுக்கு அடுத்த நாள் அவ ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தப்ப, நான் அந்த ரூமுக்குள்ள போயி அவ உக்காருற இடத்துல உக்காந்தேன். தலையையும் அவ மாதிரியே தடுப்புல சாச்சுக்கிட்டேன். சபையில பாஸ்டர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லியிருக்கேனே ஒழிய, நானா ஒரு வார்த்தை ஜெபம் பண்ணி அறியேன். எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியல. ஆண்டவரே, நான்தான், வயிறு சரியில்லாத ஆளுன்னு ஆரம்பிச்சேன். மாடி டீச்சரம்மா காதுல விழக்கூடாதுன்னு உதட்டை மட்டும்தான் அசைச்சேன், சத்தமே வரல. ஜோக்குக்கு யாரும் சிரிக்கல. அப்புறம் தானா வந்துச்சு. உம்ம மேல எனக்குப் பொறாமை, அவளை முழுசாத் தெரிஞ்சவர் நீர், நான் கூடவே குடியிருந்தும் ஒரு ஜன்னல் அளவுதான் தெரியுதுன்னேன். எங்கிட்ட பேசலைன்னாலும் பரவால்ல, உம்மகிட்ட பேசறதை நிறுத்த வேணாம், அது நின்னா அவ தாங்க மாட்டா, அவளைத் திருப்பிக் கூப்பிடும்னேன். அத்தோட எழுந்திருக்கலாம்னு பாத்தேன், முடியல. எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னேன். அவ காது போயிட்டா நான் பேசறதைக் கேக்க யார் இருக்கா, நான் நாள் பூரா கிண்டல் பண்ணிக்கிட்டுத் திரியறதே அவ ஓரக்கண்ணால சிரிக்கிறாளான்னு பாக்கத்தானே, அது இல்லன்னா நான் சும்மா ஒரு கிழவன், இது யாருக்கும் தெரியாதுன்னு சொன்னேன். யாருக்கும் தெரியாதுன்னு சொல்லி முடிக்கறதுக்குள்ளயே அது தப்புன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. வானத்துலேருந்து குரல் எல்லாம் வரல. ஆனா நான் புதுசா எதையும் சொல்லிடலைங்கிறது மட்டும் நல்லாத் தெரிஞ்சுது. என் ஜோக்கை நம்பாத ஒருத்தர் ரொம்பக் காலமா எதிர்ல உக்காந்திருக்காரு, நான் எப்ப நிறுத்துவேன்னு பாத்துக்கிட்டு. வெக்கமா இருக்கணும் இல்லையா? எனக்கு என்னவோ இறுக்கிக் கட்டியிருந்த பெல்ட்டைக் கழட்டின மாதிரி இருந்துச்சு. அழுதேன்னு எழுத மாட்டேன். மூக்கு ஒழுகுச்சுன்னு வெச்சுக்கோ.

தலையைத் தூக்கிப் பாத்தா உங்கம்மா கதவுகிட்ட ரொட்டிப் பையோட நிக்கறா. எப்ப வந்தாளோ. சத்தமே இல்லாமத்தானே பேசினோம்னு ஒரு நிமிஷம் தைரியமா இருந்தேன் பாரு, உதட்டைப் படிக்கிறவளுக்கு முன்னால! அதுவும் மழிச்ச உதட்டோட! ஒரு எழுத்து விடாமப் படிச்சிருக்கா. நான் எழுந்திருக்கப் போனேன், உக்காருங்கன்னு கையைக் காட்டிட்டு எதிர்ல வந்து உக்காந்தா. நீங்க ஒட்டுக் கேட்டீங்க, நான் ஒட்டுப் பாத்துட்டேன், கணக்கு தீந்துச்சுன்னா. அப்புறம் அவ சொன்னதை அப்படியே எழுதறேன், நீ பத்திரமா வெச்சுக்கோ. "அவர்கிட்ட ஏன் சொல்றேன்னா, அவருக்கு முன்னாடியே தெரியும். தெரிஞ்சுதான் என்னை வெச்சிருக்காரு. அதனால சொல்றப்ப அவர் மூஞ்சி எப்படி மாறும்னு நான் பாக்க வேண்டியதில்ல. உங்ககிட்ட சொல்லணும்னா நான் உங்க மூஞ்சியையேதான பாத்துக்கிட்டிருக்கணும், வேற வழி இருக்கா எனக்கு?" அப்படின்னா. எனக்கு வாய்க்குள்ள ரெண்டு ஜோக் வந்துச்சு. ரெண்டையும் பல்லுக்கு நடுவுல வெச்சுக் கடிச்சிட்டேன். மூஞ்சியை அசைக்காம வெச்சுக்கிட்டிருந்தேன். அவ முட்டியைப் பத்திச் சொன்னா, சிநேகிதியைப் பத்திச் சொன்னா. எல்லாம் நான் ஏற்கெனவே கேட்டதுதான். முதல் தடவையாக் கேக்கற மாதிரிக் கேட்டேன், ஏன்னா எங்கிட்ட சொல்றது இதுதான் முதல் தடவை.

காது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். இடது போனது போனதுதானாம், வலதுக்கு மிஷின் வெச்சாக் கேக்குமாம், அளவு எடுத்திருக்காங்க. வீட்டுக்கு வந்ததும் நான் வக்கீல் நாற்காலிங்களை ஓரங்கட்டிட்டு, அந்தத் தடுப்புக்கு ரெண்டு பக்கமும் சோபாவுக்குப் போடற கெட்டி ஃபோமை ஒட்டி, மேல ரெக்சின் இழுத்து ஸ்டேப்ளர் அடிச்சிட்டேன். இனிமே அவ கத்தி ஜெபம் பண்ணினாலும் எனக்கு ஒண்ணும் வராது, மாடிக்கும் போகாது. சுவத்துக்குக் குஷன் போட்டவன் ஊரிலேயே நான் ஒருத்தன்தான். சாஞ்சு உக்கார நல்லா மெத்துன்னு இருக்குன்னு உள்ளேருந்து சொன்னா, அதுகூடக் கதவைத் திறந்து சொன்னாத்தான் எனக்குக் கேட்டுச்சு. பொறாமை போயிடுச்சான்னா, எங்க போகுது. தினமும் அந்த நேரம் வந்தா அங்க என்ன நடக்குதோன்னு கை அரிக்குது. ஆனா நான் அறியாத இடம் அவளுக்குள்ள எத்தனை இருந்தாலும், அங்கயெல்லாம் ஆள் இல்லாம இல்லன்னு நினைக்கிறப்ப கொஞ்சம் மூச்சு விட முடியுது.

உனக்கும் அதைத்தான் சொல்ல வந்தேன் வாயாடி. அவ்வளவு தூரத்துல நீ ரூமுக்குள்ள தனியா உக்காந்து அழறதை நான் பாக்க முடியாது. உன்னை முழுசாத் தெரிஞ்சவர் அங்கயும் இருக்காரு, பரீட்சை தோத்தவ, ஜெயிச்சவன்னு பாக்காம வெச்சிருக்காரு. எனக்கு அது போதும்னு பெரிய மனுஷத்தனமாச் சொல்லிடலாம், ஆனா போதாது. எனக்கும் கொஞ்சம் குடு. கட்டாயம் இல்ல, தோணினாச் சொல்லு. சொல்ற அன்னிக்கு ஒரு வார்த்தை கிண்டல் பண்ண மாட்டேன். மறுநாளைக்கு உத்தரவாதம் கிடையாது. அம்மாகிட்ட பேசறப்ப மூஞ்சிக்கு வெளிச்சம் வர்ற மாதிரி உக்காந்து, முடியை ஒதுக்கிவிட்டுட்டு நிதானமாப் பேசு, மிஷின் வந்தப்புறமும் அப்படியே பேசு. கண்ணைக் கெடுத்துக்காம வேளைக்குத் தூங்கு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கையில எடுக்கிற வேலையை வாய்க்கப் பண்ணட்டும். மூணாந்தடவை பரீட்சை எந்தத் தேதின்னு எழுது, இந்த வீட்டுல ரெண்டு பேரு ஜெபம் பண்ணுவோம், ஒருத்தர் சத்தமா, ஒருத்தர் சத்தமில்லாம.

இப்படிக்கு,
உன் அப்பா.

இன்னொண்ணு. இதை உங்கம்மாவுக்குத் தெரியாம எழுதணும்னுதான் உக்காந்தேன். அவ எதிர்ல உக்காந்து பொத்தான் தச்சுக்கிட்டிருந்தா, எழுதறது எங்க தெரியப்போகுதுன்னு விட்டுட்டேன். இப்பத்தான் நிமிர்ந்து பாக்கறேன், தையலை மடியில போட்டுட்டு என் வாயையே பாத்துக்கிட்டிருக்கா. எழுத்துக் கூட்டி உதட்டை அசைச்சுத்தான் எழுதுவேன்னு எனக்கே இத்தனை வயசுக்கு அப்புறம் இன்னிக்குத்தான் தெரியுது. முதல் வரியிலேருந்து பூராவும் படிச்சிட்டாளாம். எதையும் அடிக்க வேணாம், அப்படியே போஸ்ட் பண்ணுங்கன்னு சொல்றா.